சீல் வைத்த கடையும் தெருக்காரர் சாவிகளும்

"யாரு பையக் குடுத்து 'இங்கன இருக்கட்டும், பொறவு வாங்கிக்கிடுதேன்'னு சொன்னாலும் வாங்கி வச்சிரு பிள்ள. தெறந்து மட்டும் பாத்திராத. கடைன்னா பாதி யாவாரம், பாதி இதுதான்." இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் வீட்டுக்காரர். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சாந்தோமுக்கு வந்த முதல் வாரம், கல்லாவுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்.

என்னைப் போல் சின்ன மளிகைக்கடை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி பருப்பு வாங்க வருகிறவர்களைவிட, "இதைக் கொஞ்சம் வச்சிருங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவி, தையல்காரர் கொடுத்த பிளவுஸ், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, ஒரு தடவை ஒருவருடைய பல்செட் கூட. சாவிகளுக்கென்று சுவரில் ஒரு பலகை நிறைய ஆணி அடித்து வைத்திருக்கிறோம். அதற்கு மேலே மாதா படம், மாதா படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் உறை போட்ட கடை லைசென்ஸ். தினமும் காலையில் விளக்கைப் போட்டு ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அரிசியில் கை வைப்பேன். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து, மகள் வேளச்சேரியிலும் மகன் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். எனக்குக் கடைதான் மூன்றாவது பிள்ளை. அந்தப் பிள்ளை கையை விட்டுப் போகப் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

உதட்டை இழுத்தவர்

எங்கள் கடைக்கு எதிரே பள்ளிக்கூடம். அதனால் பீடி, சிகரெட் எதுவும் வைப்பதில்லை. பொட்டலத்தில் வரும் புகையிலைச் சரக்கை அரசாங்கமே தடை செய்திருக்கிறது. அது கடையில் இருந்தால் சீல் வைத்து லைசென்ஸையே ரத்து செய்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குக் காதால் கேட்ட விஷயம்தான். அந்தப் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

பக்கத்து அபார்ட்மெண்டில் பெயிண்ட் அடிக்க வந்த ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். மிட்டாய் பாட்டில் மூடிமேல் பணத்தை வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். ஐயோ பாவம், வாய்ப்புண் போலிருக்கிறது என்று நினைத்து மணத்தக்காளி வத்தல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, "நெய்யில வறுத்து சாதத்துல பிசைஞ்சு சாப்பிடுப்பா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றேன். புகையிலையை அந்த உதட்டு இடுக்கில்தான் ஒதுக்குவார்கள் என்பதைப் பிறகு எங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் வத்தலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யக்கா, நீ கடை வச்சிக்கினு கீறியா, வைத்தியசாலை வச்சிக்கினு கீறியா?"

நண்டுப் பை

குப்பத்திலிருந்து மீன் கொண்டு வந்து விற்கும் லூர்து அக்கா, ஒருநாள் வாய் கட்டாத ஒரு பையைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தோ வந்துர்றேன்" என்று போனார். திறந்து பார்க்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பாடமாயிற்றே. நானும் அதன் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் உளுந்து வாங்க வந்த பத்மா மாமி "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றார். துவரம்பருப்பு மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் நடுவில் ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொன்று தராசுத் தட்டில் ஏறியிருந்தது. மாமி சுத்த சைவம். அன்றைக்கு உளுந்து வாங்காமலே போய்விட்டார்.

பையைக் கட்டிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று லூர்து அக்காவைக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பையில் போட்டபடி, நிமிர்ந்து கூடப் பார்க்காமல் சொன்னார்: "எட்டிப் பாக்க வேணாவா நீ? ஆண்டவன் உனுக்குக் கண்ண குடுத்தான், நண்டுக்குக் கால குடுத்தான். அது அதோட வேலைய பாத்துச்சு, நீ பாக்கல."

நீலப் பை

முனையில் ஆட்டோ ஓட்டும் குமாரை எனக்கு வெகுநாளாகத் தெரியும். அவன் மனைவி தேவி தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மகள் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டுச் சாவி தினமும் எங்கள் ஆணியில்தான் தொங்கும். ஒருநாள் காலையில் தேவி சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, குமார் ஆட்டோவை நிறுத்தி, நைலான் கயிற்றால் வாயைக் கட்டிய நீலப் பை ஒன்றைக் கொடுத்தான். "யக்கா, இது இங்க கெடக்கட்டும். மத்தியானம் ஒர்த்தர் வந்து வாங்கிக்குவாரு." வாங்கிப் பொரி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டிய பைதானே, இதிலிருந்து ஒன்றும் ஓடாது என்று நிம்மதி வேறு.

மத்தியானத்துக்கு முன்னாலேயே ஜீப் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள கடைகளை எல்லாம் சோதனை போடுகிறார்களாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கூட ஒரு உதவியாளரும் ஒரு போலீஸ்காரரும். பையில் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். "உங்க கடையில இருக்கிறது உங்களுக்கே தெரியாதா?" "பிறத்தியார் பை மேடம். நாங்க திறக்க மாட்டோம்." உதவியாளர் கயிற்றை அறுத்தார். உள்ளே சரம் சரமாகப் புகையிலைப் பொட்டலங்கள். அதை முதன்முதலில் நான் பார்த்தது என் சொந்தக் கடையில்தான். அப்படியே பொரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

யார் வைத்தது என்று கேட்டார்கள். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாத மாதிரியே அவனுக்கும் உள்ளே இருந்தது தெரியாமல் இருந்தால்? அவனை ஒரு வார்த்தை கேட்காமல் போலீஸ் காதில் பெயரைப் போட மனசு வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சந்தேகமான பதில் என்று எனக்கே பட்டது. ஷட்டரை இறக்கிப் பூட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்தார்கள். மாதா விளக்கை அணைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது அந்த மேடம் சொன்னார்: "உங்க கடையில இருந்தா அது உங்க சரக்குதாம்மா. லைசென்ஸை ஏன் ரத்து பண்ணக் கூடாதுன்னு அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்து சொல்லுங்க."

சாவி எங்கே?

அந்தப் பதற்றத்தில் ஒரு விஷயம் எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. தெருவில் பாதிப் பேருடைய வீட்டுச் சாவி அந்த ஷட்டருக்குள் இருந்தது.

முதலில் வந்தது பத்மா மாமி. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஷட்டரில் அவர்கள் ஒட்டியிருந்த சிவப்பு நோட்டீசைப் படித்துவிட்டு, அடுத்த சந்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு மூச்சு வாங்க வந்தார். பிறகு ஒரு பேச்சிலர் பையன், லேப்டாப் பையோடு. பிறகு பள்ளிக்கூடத்து சிஸ்டர். மறுநாள் ஆண்டு விழாவாம், ஹால் சாவியைப் பந்தல்காரர் வாங்கிக்கொள்ளட்டும் என்று என்னிடம் கொடுத்திருந்தார். சாயங்காலம் தேவி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு. பூட்டை உடைக்க ஆள் தேடிப் போனவர்கள் போக, மாமியும் தேவியும் பிள்ளையும் எங்கள் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று.

தோசை மாவு எல்லோருக்கும் வராது என்று உப்புமா கிண்டினேன். மாமிக்காக வெங்காயம் போடவில்லை. தேவியின் மகள் "வெங்காயம் இல்லாத உப்புமாவா?" என்று முகத்தைச் சுளித்தாள். தேவிக்கு அந்தப் பை யாருடையது என்று தெரியாது. "எந்தப் பாவி வச்சிட்டுப் போனானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்க்கா" என்று எனக்காகச் சாபம் விட்டுக்கொண்டே தட்டுக் கழுவிக் கொடுத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்து தன் சுலோகத்தை முணுமுணுக்க ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி என்னிடம் சொன்னார்: "உங்க மாதாவும் எங்க அம்பாளும் கலந்து பேசிண்டு, சாவியை மட்டும் வெளில எடுத்துக் குடுத்துட்டா போறும்."

ஒரு போன்

மகள் வேளச்சேரியிலிருந்து போனில் சத்தம் போட்டாள். "பேரைச் சொல்லும்மா. லைசென்ஸ் போச்சுன்னா நீயும் அப்பாவும் என்ன பண்ணுவீங்க?" எங்கள் வீட்டுக்காரர் வேறு பக்கம் இழுத்தார். "சொன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்பிச் சாவி குடுப்பான்? யோசிச்சிக்க பிள்ள." இரண்டு பேர் பேச்சும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

குமார் யார் போனையும் எடுக்கவில்லை. தேவியின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பான் என்று தோன்றியது. கேட்டு வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எடுத்தான். உள்ளே இருந்தது தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிடக் கூடாதா என்று இருந்தது. "தெரியும்க்கா. ஒர்த்தன் குடுத்தான். சவாரி கம்மியா கீது, இன்னா பண்ண சொல்ற?" என்றான். நான் கோபப்படவில்லை. கோபப்படவும் எனக்குச் சரியாக வராது. "குமாரு, மேடம் திரும்பக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே வந்து சொல்லிடு. உன் பொண்ணு இங்கதான் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு" என்றேன். அவன் சொன்னது இதுதான்: "சர்ச்சுக்குப் போய்க்கினு வர்ற ஆளு நீ. கூட கீறவன மாட்டி வுடுறதுதான் உங்க சாமி சொல்லிக் குடுத்துச்சா?" போனை வைத்துவிட்டான்.

வரிசை

சிஸ்டர் யார் யாருக்கோ பேசியதில், மறுநாள் காலையிலேயே அந்த மேடம் வந்துவிட்டார். ஆண்டு விழா ஹால் திறக்க வேண்டுமே. சீலை உடைத்து ஷட்டரைத் தூக்கினார்கள். மாதா விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருவே வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் சாவி எப்படி இருக்கும் என்று அடையாளம் சொன்னால்தான் கொடுப்பேன் என்றார் மேடம். மாமி, "பிள்ளையார் டாலர் போட்டிருக்கும், ஒரு காது உடைஞ்சிருக்கும்" என்றார். பேச்சிலர் பையனுக்குச் சாவியின் நிறம்கூட நினைவில்லை. "ஆன்ட்டிக்குத்தான் தெரியும் மேடம்" என்று என்னைக் காட்டினான். அயர்ன்காரர் தன் அப்பாவின் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எலும்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மேடத்தின் உதவியாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடம் மட்டும் சிரிக்காமல், "இத்தனை பேரும் வீட்டுச் சாவியை ஒரு கடையில குடுத்துட்டா போவீங்க?" என்று கேட்டார். சாவியே இல்லாமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த லூர்து அக்காதான் பதில் சொன்னார்: "பின்ன, ஆபீசாண்ட வந்து உங்கைல குடுக்கச் சொல்றியாம்மா?"

வரிசையின் கடைசியில் குமார் நின்றான். ராத்திரி எங்கே இருந்தானோ, கண் சிவந்திருந்தது. ஆணியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சாவி. மேடம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நாளைக்குச் சொல்றேன்னீங்களே. அந்த நீலப் பையைக் கொடுத்தவர் இங்க இருக்காரா?" என்று கேட்டார். "இருக்கார் மேடம்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்குமுன் குமார் ஒரு எட்டு முன்னால் வந்தான். தேவி ரோட்டுக்கு அந்தப் பக்கம் மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "நான்தான் மேடம். சாவிய மட்டும் எங்க வூட்டுக்காரிகைல குடுத்துருங்க. நேத்துலேருந்து புள்ளைய வச்சிக்கினு வெளிய நிக்கிது."

ஆபீசில்

சாவிகளைக் கொடுத்து முடித்ததும் கடைக்கு மறுபடியும் சீல் வைத்துவிட்டார்கள்; லைசென்ஸ் விஷயமும் தானாகத் தீர்ந்துவிடவில்லை. அடுத்த வாரம் ஆபீசுக்குப் போனோம். வெளி பெஞ்சில் எங்களைப் போலவே கடை சீல் வைக்கப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் தன் சரக்கு தன்னுடையது இல்லை என்று சொல்லக் கதை தயார் செய்துகொண்டிருந்தார். "நீங்க இன்னா சொல்லப் போறீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "சூப்பரா கீது. நானும் இதையே சொல்லிக்கிறேன்" என்றார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். குமார் சொன்னதை வைத்து அந்தச் சரக்கைக் கைமாற்றுகிற ஆளைப் பிடித்துவிட்டார்களாம். குமார் மீதும் கேஸ் உண்டு. என்னைப் பார்த்து, "நீங்க விக்கலைன்னு நான் நம்புறேன். ஆனா என்ன இருக்குன்னு பார்க்காம வாங்கி வச்சது தப்பா இல்லையா?" என்று கேட்டார். தப்புதான் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அது அவருடைய பாடம். அபராதம் கட்டச் சொன்னார். எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகவும், லைசென்ஸ் தொடரும் என்றும், இனி எந்தப் பையையும் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்காமல் வெளியே வர முடியவில்லை. "சாவி வாங்கலாமா மேடம்?" அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சாவியைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லம்மா. தாராளமா வாங்குங்க."

மாமியின் பை

கடை திறந்த முதல் நாளே பத்மா மாமி ஒரு கட்டைப் பையைக் கொண்டுவந்து, "டாக்டராத்துக்குப் போயிட்டு வந்துடறேன், இது இங்க இருக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமி, தப்பா நினைக்கப்படாது, தெறந்து காட்டணும். ஆபீஸ் உத்தரவு" என்றார். மாமி தயங்கினார். எங்களுக்கும் சங்கடம். கடைசியில் அவரே பையின் வாயைப் பிரித்தார். உள்ளே துவரம்பருப்பு, உளுந்து, கடுகு, மிளகாய் வத்தல். எல்லாம் தி.நகரில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பாக்கெட்டுகள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. நண்டு வந்த நாளிலிருந்தே மாமி எங்களிடம் ஏன் உளுந்து வாங்குவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமிதான் முதலில் சமாளித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னார்: "திறந்து பாக்கப்படாதுன்னு இவர் உனக்கு ஏன் சொல்லிக் குடுத்தார்னு இப்போ தெரியறதோ?"

மறுபடியும் அதே ஆணி

தேவியின் சாவி தொங்கிய ஆணி மட்டும் வெகுநாள் காலியாக இருந்தது. குமார் எங்கள் முனையில் வண்டி நிறுத்துவதில்லை. வடபழனிப் பக்கம் ஓட்டுகிறான் என்று கேள்வி. தேவி எதிர்ச்சாரியில் போவாள், பார்க்காத மாதிரி. அவள் குடும்பத்துக்காக நான் தினமும் ஒரு ஜெபம் சொல்வேன். நான் செய்தது சரிதான் என்று தெரிந்தும், அந்தக் காலி ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி இருக்கும். வேறு யார் சாவியையும் அதில் மாட்டவில்லை.

ஒருநாள் காலையில் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு தேவி ரோட்டைக் கடந்து வந்தாள். சாவியைக் கல்லாமேல் வைத்தாள். நான் அதை எடுத்து அந்த ஆணியிலேயே மாட்டினேன். இரண்டடி போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "அவுரு எதுனா குடுத்தா வாங்காதக்கா. நான் குடுத்தா வாங்கிக்க."

லைசென்ஸ் இன்னும் மாதா படத்துக்குக் கீழேதான் தொங்குகிறது, அது அங்கேயே தொங்க வேண்டுமானால் எங்கள் கடையில் பை வைத்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து வாயைக் கட்டாமல் வைத்துவிட்டுப் போங்கள், நண்டு இருந்தால் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.